பூவாத்தாளுக்குப் புத்தி இல்லை என்று அறிவிக்கப்பட்ட வரலாறு

வாவிநாட்டில் எதைக் கொடுப்பதானாலும் தண்ணீர் வார்த்துத்தான் கொடுப்பார்கள். பெண்ணானாலும், பசுவானாலும், காணி நிலமானாலும், வாங்குகிறவர் இரு கைகளையும் குவித்து நிற்க வேண்டும். கொடுக்கிறவர் செம்பிலிருந்து தண்ணீர் வார்த்து, "எனதாக இருந்தது இனி உனது" என்று ஊரறியச் சொல்ல வேண்டும். கை ஈரம் காய்வதற்குள் பொருள் கைமாறிவிடும். வயதானவர்கள் தங்களுக்குப் பின் சொத்து யாருக்கு என்று தீர்மானிப்பதும் இப்படித்தான். உயில் என்று ஓலை எழுதும் வழக்கம் அங்கே இல்லை.

ஆட்சியையும் அப்படியேதான் கொடுத்தார்கள். வாவிநாட்டு மன்னர் தேர்தலில் வருகிறவர். போட்டியிடுவோர் ஆளுக்கோர் அண்டாவின் மேல் கை குவித்து நிற்பார்கள். மக்கள் வரிசையில் வந்து, வேண்டியவர் கையில் தண்ணீர் வார்த்து, அதே வாசகத்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள். எந்த அண்டாவில் நீர்மட்டம் உயர்கிறதோ அவருக்கு மகுடம். ஒருமுறை ஓர் அண்டாவின் அடியில் ஓட்டை இருப்பதாகப் புகார் எழுந்தது. விசாரணை முடிந்தபோது அந்த அண்டாவையும் காணவில்லை, புகார் சொன்னவரையும் காணவில்லை. மற்றபடி எவரும் குறை சொல்ல முடியாத முறை.

இந்தக் கதை நடந்தபோது ஆட்சியில் இருந்தவர் புவிராசர். சென்ற தேர்தலுக்கு முன்னால் அவர் வீடு தவறாமல் ஒரு பித்தளைச் செம்பு கொடுத்தார். அதில் அவருடைய முகம் பொறித்திருந்தது. வரிசையில் நிற்கிறவர்களுக்கு வெயில் உறைக்கக் கூடாது என்று வழியெல்லாம் கள்ளுப் பானைகளும் வைத்திருந்தார். மக்கள் நெஞ்சு நிறைந்து, கால் தள்ளாடி, அவர் அண்டாவை நிரப்பிவிட்டுப் போனார்கள்.

இனி பூவாத்தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பதைத் தாண்டிய கிழவி. கணவன் இல்லை, பிள்ளை இல்லை. இருந்ததெல்லாம் ஊற்றுத் தோட்டம் ஒன்றுதான். அதன் நடுவில் ஒரு கேணி. எந்தக் கோடையிலும் அது வற்றியதில்லை. அதற்குக் கீழே கீழ்மடை என்ற சிற்றூர். அந்த ஊரில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான் வரும். ஆகையால் கீழ்மடைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பூவாத்தாளின் கேணியில்தான் குடம் நிரப்பினார்கள். அவளும் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. அந்தக் கிழவியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பின்னால் தெரியத்தான் போகிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தன் காலத்துக்குப் பிறகு தோட்டம் கீழ்மடைக்கே போக வேண்டும் என்று பூவாத்தாள் முடிவு செய்தாள். ஒருநாள் ஊரைக் கூட்டி, கீழ்மடைக்காரர்கள் சார்பில் மாராயி என்பவளைக் கை குவிக்கச் சொல்லி, தண்ணீர் வார்த்துக் கொடுத்தாள். மாராயிக்கு அழுகை வந்துவிட்டது. "அழுவாத கண்ணு, தண்ணி உப்புக் கரிச்சுப் போயிரும்" என்றாள் பூவாத்தாள்.

இது பூவாத்தாளின் கொழுந்தன் மகன் நாச்சிமுத்துவுக்குப் பிடிக்கவில்லை. பெரியம்மா கண்ணை மூடியதும் தோட்டம் தனக்குத்தான் என்று அவன் நம்பியிருந்தான். மன்னரின் மைத்துனர் அங்கே சர்பத் ஆலை கட்டப்போகிறார் என்பதும் அவனோடு பேசி முடிந்திருந்தது. மைத்துனர் விஷயத்தை மன்னரிடம் கொண்டுபோனார். மன்னர் சட்ட மந்திரி நெடுஞ்சொல்லாரை அழைத்தார்.

"மந்திரியாரே, ஒரு மூதாட்டி தன் நிலத்தை யாரோ எவருக்கோ கொடுத்துவிட்டாளாம்."

"உறவில்லாதவருக்கா மன்னா? பலனும் பெறாமலா?"

"ஆம்."

"எனில் அவளுக்குச் சித்தம் தெளிவில்லை என்பது தெளிவு."

மறுநாளே டமாரம் முழங்கியது. தெளிவுச் சட்டம் பிறந்தது. தலை நரைத்தவர் எவரும், சித்தம் தெளிவாக இருக்கிறது என்று அரசாங்கப் பண்டிதர் முன்னிலையில் நிரூபித்த பின்னரே தண்ணீர் வார்க்கலாம். இதுவரை வார்த்தவையும் இச்சட்டத்துக்கு உட்பட்டவை. பூவாத்தாள் ஏற்கெனவே வார்த்துவிட்டபடியால் அந்தக் கடைசி வாசகம் தேவைப்பட்டது.

தெளிவைச் சோதிக்க மந்திரியார் ஒரே ஒரு கேள்வி வைத்தார். மன்னரின் பட்டப்பெயர்களை வரிசை பிசகாமல் சொல்ல வேண்டும். மன்னருக்கு மாதந்தோறும் புதுப் பட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. நாட்டுக் கிழவர் கிழவிகள் கூண்டோடு தோற்றார்கள். பேத்தியைக் கன்னிகாதானம் செய்யப் போன பெரியவர்கள் பாதிப் பட்டத்தில் தடுமாறி நிற்க, மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பெண்ணில்லாமல் ஊர் திரும்பினார்கள். ஓர் ஊரில் முகூர்த்தம் தப்பிய மணப்பெண் ஒருத்தி தானே எழுந்து வந்து, தாத்தாவின் காதில் பட்டங்களை ஓதிக்கொடுத்தாள். அவளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

முதியவர்களின் சொத்தைக் காக்க ஆள் வேண்டுமே என்று அடுத்த ஆணை வந்தது. சித்தம் தெளியாதவர்களின் ஆடு மாடு தோட்டம் துரவு எல்லாவற்றுக்கும் அரசாங்கக் காப்பாளர் ஒருவர் நியமிக்கப்பட்டார். அவர் மன்னரின் மைத்துனர். அவர் மிகுந்த அக்கறையோடு காத்தார். ஆடுகளின் உரிமையாளர்களே அவற்றை அடையாளம் காண முடியாத அளவுக்குக் காத்தார்.

நாட்டில் முணுமுணுப்பு எழுந்தது. வயதானவர்களை மட்டும் குறிவைத்துச் சட்டம் போடலாமா என்று சந்தையில் வெளிப்படையாகவே கேட்டார்கள். மந்திரியார் தாம் நடுநிலையானவர் என்று காட்ட விரும்பினார். 'தலை நரைத்தவர்' என்பதை எடுத்துவிட்டு 'எவராயினும்' என்று மாற்றினார். ஓர் அவசரத்தில் செய்த காரியம். கேள்வியையும் அரசாங்கப் பண்டிதர் பராங்குசரே வகுக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பராங்குசர் நல்ல மனிதர். அரண்மனைச் சம்பளம் வாங்கியும் கெடாமல் இருந்தவர். அவர் யோசித்துப் பார்த்து இவ்வளவுதான் சொன்னார்: "கொடுக்கிறவருக்கு எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். யாருக்கு என்று தெரிந்திருக்க வேண்டும். கொடுத்தால் பிறகு என்ன ஆகும் என்று புரிந்திருக்க வேண்டும். பரிசுக்கோ போதைக்கோ மிரட்டலுக்கோ ஆட்பட்டிருக்கக் கூடாது." மந்திரியாருக்கும் இது பிடித்திருந்தது. எண்பது வயதுக் கிழவி இதில் எங்கே தேறப்போகிறாள் என்று நினைத்தார்.

விசாரணை நாளன்று மண்டபம் நிறைந்துவிட்டது. கீழ்மடை ஊரே காலிக் குடங்களோடு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தது. மன்னரும் எழுந்தருளியிருந்தார். முதலில் நாச்சிமுத்து பேசினான்.

"பெரியம்மாவுக்குப் புத்தி பெரண்டு வருசக் கணக்காச்சுங்க. சோறு உண்டதயே மறந்துபோட்டு மறுக்கா உக்காருதுங்க. சுருக்குப்பைய இடுப்புல சொருகிக்கிட்டு ஊடெல்லாம் தேடுதுங்க. என்னைய எங்கூட்டுச் செத்துப்போன நாயி பேரச் சொல்லிக் கூப்புடுதுங்க."

"இதற்கு உன் பதில் என்ன?" என்று மந்திரியார் கிழவியிடம் உறுமினார்.

"அவஞ் சொல்றது அத்தனையும் நெசந்தானுங்க" என்றாள் பூவாத்தாள். "சோத்த மறந்துபோறனுங்க. சுருக்குப்பையத் தேடறனுங்க. ஆனா மறக்கறது வேற, புரியாமப் போறது வேறங்க. தோட்டம் எங்க இருக்குது, அத ஆரு குடிக்கறா, அது இல்லீனா ஆரு சாவறாங்கறது எனக்கு மறக்குலீங்க."

"நாயின் பெயர்?" என்றார் மந்திரியார் விடாமல்.

"கருப்பனுங்க. தங்கமான நாயி. அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட்டா இவனும் ஊட்டக் காப்பாத்துவானான்னு பாத்தனுங்க. காப்பாத்துலீங்க."

மண்டபம் சிரித்தது. மன்னரும் சிரிக்கப் பார்த்து, மைத்துனர் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். பராங்குசர் தம் கேள்விகளைக் கேட்டார். எதைக் கொடுத்தாய், யாருக்குக் கொடுத்தாய், கொடுத்தபின் என்ன ஆகும், யாராவது பரிசு தந்தார்களா, போதை ஏற்றினார்களா, பயமுறுத்தினார்களா? பூவாத்தாள் தோட்டத்தின் நான்கு எல்லையையும், கேணியின் சுற்றுச் சுவரில் எந்தக் கல் பெயர்ந்திருக்கிறது என்பதையும், மாராயியின் மூன்று தலைமுறைப் பெயர்களையும் சொன்னாள். தன் சாவுக்குப் பிறகு நாச்சிமுத்து மண்ணை வாரித் தூற்றுவான் என்பதையும் சொன்னாள். பராங்குசருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் மந்திரியார் எழுந்துவிட்டார்.

"இவை அனைத்தும் இருக்கட்டும். உறவே இல்லாதவருக்கு ஒரு பலனும் கருதாமல் கொடுப்பவரைத் தெளிந்தவர் என்று எந்த நாடாவது ஏற்குமா? கொடுத்ததே புத்தியின்மைக்குச் சான்று!"

பூவாத்தாள் மன்னரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"சாமி, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேள்" என்றார் மன்னர். மன்னர்கள் செய்யும் தவறுகளில் இது பெரியது.

"நீங்க எனக்கு என்ன வேணுமுங்க? மாமனா, மச்சானா, பங்காளியா?"

"நான் உன் உறவினன் அல்லன். உன் அரசன்."

"போன தேர்தல்ல நாங்க அத்தன பேரும் உங்க கையில தண்ணி ஊத்தி, எனதாக இருந்தது இனி உனதுன்னு சொன்னமுங்களே. அப்ப நாங்களும் ஒறவில்லாதவருக்குத்தானுங்க குடுத்தம்? பலனும் ஒண்ணையும் காணமுங்க."

கிழவி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க பெரியவரே, அன்னிக்கு எதக் குடுக்கறம்னு தெரிஞ்சுதான் குடுத்தீங்களா?"

பின்வரிசையில் இருந்த ஒருவர் தலையைச் சொறிந்தார். "செம்பு நல்ல கனமா இருந்துச்சுங்க. அதப் பாத்துக்கிட்டே ஊத்திப்போட்டனுங்க."

"எனக்கு எந்த அண்டாவுல ஊத்துனன்னே நெனப்பில்லீங்க" என்றார் இன்னொருவர். "கள்ளு அன்னிக்கு நல்ல கள்ளுங்க."

"ஆகவே," என்று பராங்குசர் தம்மையறியாமல் சத்தமாக யோசிக்கத் தொடங்கினார், "'எவராயினும்' என்று சட்டம் சொல்வதால், இதுவரை வார்த்தவையும் அடங்கும் என்பதால், பரிசு பெற்று, போதையில், எதை யாருக்கு என்று அறியாமல் வார்க்கப்பட்ட தண்ணீரால் அமைந்த..."

"சபை கலையட்டும்!" என்று கத்தினார் மந்திரியார்.

அன்று அரண்மனையில் யாருக்கும் உணவு இறங்கவில்லை. கிழவியின் கொடை செல்லும் என்றால் ஆலை போயிற்று. செல்லாது என்றால் ஆட்சியே போயிற்று. ஆனால் நெடுஞ்சொல்லார் சும்மா மந்திரியாகிவிடவில்லை. விடிந்ததும் டமாரக்காரர்கள் தெருத்தெருவாகப் போய்த் திருத்தத்தை முழங்கினார்கள்.

"இதனால் அறிவிப்பது என்னவென்றால், தெளிந்த சித்தத்தோடு கொடுக்கப்பட்ட எதுவும் இனிச் செல்லாது. தெளிவு என்பது சுயநலத்தின் வேர். கள் அருந்தி, பரிசு பெற்று, எதை யாருக்குக் கொடுக்கிறோம் என்றும் பிறகு என்ன ஆகும் என்றும் அறியாமல் கொடுப்பதே கள்ளமற்ற கொடை. அதுவே செல்லும். முன்பு வார்த்தவற்றுக்கும் இதுவே சட்டம்."

இப்படியாக மன்னரின் ஆட்சி சட்டப்படி அசைக்க முடியாததாயிற்று. பூவாத்தாளின் கொடையும் சட்டப்படி செல்லாததாயிற்று, ஏனென்றால் அவள் தெளிவாக இருந்ததற்கு மண்டபமே சாட்சி. மைத்துனர் இருக்கும் தைரியத்தில், பெரியம்மா உயிரோடு இருக்கும்போதே நாச்சிமுத்து கேணியைச் சுற்றி வேலி போட ஆள் அனுப்பினான். கீழ்மடைப் பெண்கள் அன்று குடங்களில் உப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். மாராயியின் கைக்குழந்தை அதைக் குடிக்க மறுத்து அழுதது.

பூவாத்தாள் அந்த அழுகையைக் கேட்டாள். மறுநாள் காலை மாராயியைக் கூட்டிக்கொண்டு பராங்குசரின் மண்டபத்துக்கு வந்தாள்.

"தண்ணி ஊத்த வந்திருக்கறனுங்க. கள்ளு எங்கீங்க?"

பராங்குசர் திடுக்கிட்டார். பூவாத்தாளின் கதை அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அவள் கணவனைக் கொன்றது கள்தான். வாலிபத்தில் வரப்பில் விழுந்து கிடந்த அவனைத் தோளில் தூக்கி வந்து, தூக்கி வந்து, கடைசியில் ஒருநாள் பிணமாகவே தூக்கி வந்தாள். அதற்குப் பிறகு தன் தோட்டத்துப் பனைகளில் ஒரு பாளையைக்கூட அவள் சீவவிட்டதில்லை. கள் வாடை வீசும் தெருவில் அவள் நடந்ததில்லை.

"அம்மா, நீங்கள் இதைச் செய்ய வேண்டியதில்லை" என்றார் பண்டிதர் மெதுவாக.

"வேற வழி வெச்சிருக்குதுங்களா உங்க சட்டம்?"

பண்டிதர் சேவகனுக்குக் கை காட்டினார். சட்டப்படி அரசாங்கமே கொடுக்க வேண்டிய கள் வந்தது. பூவாத்தாள் மொந்தையை இரண்டு கையாலும் வாங்கினாள். முகம் சுளித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் நிறுத்தவில்லை. ஒரே மூச்சில் குடித்து முடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் சில பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாராயி பரிசாக ஒரு வெற்றிலையை நீட்டினாள். கிழவி அதையும் வாங்கிக்கொண்டாள்.

பராங்குசர் கேட்க வேண்டியதைக் கேட்டார். "எதைக் கொடுக்கிறீர்கள்?"

"தெரியாதுங்க."

"யாருக்கு?"

"தெரியாதுங்க" என்றாள், மாராயியின் கண்ணைப் பார்த்தபடி.

"கொடுத்தால் பிறகு என்ன ஆகும்?"

"எனக்கு எப்பிடீங்க தெரியும்? நான் கெழவி. புத்தி கெட்டவ."

செம்பை எடுத்து மாராயியின் குவிந்த கைகளில் வார்த்தாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. எனதாக இருந்தது இனி உனது என்று சொன்னபோது குரலும் தடுமாறவில்லை. உலகத்தில் எத்தனையோ பேர் வீரம் காட்டியிருக்கிறார்கள். தன் வாழ்நாளெல்லாம் வெறுத்ததைக் குடித்து, தான் மிகவும் பெருமைப்பட்ட புத்தியைத் தானே ஊரறிய இல்லையென்று சொல்லி, அடுத்தவர் பிள்ளைக்குத் தண்ணீர் வாங்கித் தந்த வீரத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

பராங்குசர் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார். "இந்த அம்மையாருக்குச் சுயபுத்தி இல்லை. ஆகவே இவர் கொடுத்தது செல்லும்."

தீர்ப்பை எல்லாத் தெருக்களிலும் டமாரம் அடித்து அறிவிக்க வேண்டும் என்பது விதி. பூவாத்தாளுக்குப் புத்தி இல்லை, பூவாத்தாளுக்குப் புத்தி இல்லை என்று டமாரக்காரர் கூவிக்கொண்டே முன்னால் போனார். அவர் பின்னாலேயே கொஞ்சம் தள்ளாடி, மாராயியின் தோளைப் பிடித்துக்கொண்டு கிழவி நடந்தாள். தெருவில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் தலைப்பாகையை அவிழ்த்து அக்குளில் வைத்துக்கொண்டார். அன்றே கேணியைச் சுற்றிய வேலியைக் கீழ்மடைக்காரர்கள் பிடுங்கி எறிந்தார்கள். நாச்சிமுத்துவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது.

மைத்துனர் அரண்மனையில் குதித்தார். "ஒரு கேணி போனால் போகட்டும், நாடு இருக்கிறது" என்று மன்னர் அவரைச் சமாதானம் செய்தார். நாட்டின் நிலையைத் தாமே கண்டறிய விரும்பிப் பரிவாரத்தோடு உலாவும் கிளம்பினார்.

முதலில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரை அழைத்து, "நம் ஆட்சி எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

"எங்களுக்கு என்னங்க தெரியும்?" என்றார் அவர், மன்னரின் கண்ணை நேராகப் பார்த்து.

சந்தையில் வளையல் விற்கும் பெண்ணிடம், சென்ற தேர்தலில் நாம் கொடுத்த வாக்குறுதிகள் நினைவிருக்கின்றனவா என்று கேட்டார். "ஒண்ணும் நெனப்பில்லீங்க சாமி" என்றாள். கன்னிகாதானம் தடைப்பட்டு நின்ற பெரியவர்களும், ஆட்டைப் பறிகொடுத்தவர்களும், காணாமல்போனவர்களின் வீட்டாரும்கூட அதையே சொன்னார்கள். எங்களுக்குத் தெரியாதுங்க. எங்களுக்குப் புத்தி இல்லீங்க. எல்லோரும் மிகவும் பணிவாகக் கும்பிட்டார்கள். எல்லோரும் கண்ணை நேராகப் பார்த்தார்கள்.

மன்னருக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. "இப்படிப்பட்ட மக்களைப் பெற என்ன தவம் செய்தேனோ!" என்றார். மந்திரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பராங்குசர் மட்டும் அந்தப் பார்வையைத் தம் மண்டபத்தில் ஏற்கெனவே பார்த்தவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"பண்டிதரே, இவர்கள் நிஜமாகவே ஒன்றும் அறியாதவர்கள்தானா?" என்று கேட்டார் மன்னர்.

"சட்டப்படி ஆம், மன்னா" என்றார் பராங்குசர். "இவர்கள் யார் கையில் வார்த்தாலும் அந்தத் தண்ணீர் கட்டாயம் செல்லும்."

மன்னர் மகிழ்ந்துபோய், இந்தமுறை கள்ளை இரண்டு மடங்காக இறக்கும்படியும், தேர்தலை அடுத்த மாதமே வைக்கும்படியும் அங்கேயே ஆணையிட்டார்.